ஆள்காட்டிக்கு மஞ்சள் அட்டை

மரம் நட வந்தவர்களை விசில் ஊதி விரட்டிய மனிதர் இந்தப் பூவுலகில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் அடுக்ககத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருந்தார் என்பதை இன்றைக்கும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மரம் வெட்ட வந்தவர்களை விரட்டினால் மாலை போடுவார்கள், பத்திரிகையில் படம் வரும். நட வந்தவர்களை விரட்டினால் என்ன கிடைக்கும் என்று எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்று அதில் எழுதியதை எல்லாம் இங்கே அச்சிட முடியாது. குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை இது.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மகள் ஸ்டெல்லாவுக்கு அப்பா, நேரில் எங்களுக்கு அங்கிள், முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் ரெஃப்ரி. கூரியர் கொண்டுவருகிறவர்கூட கேட்டில் நின்று "ரெஃப்ரி சார் வீடு எது?" என்றுதான் கேட்பார். விவேக் நகரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மைதானத்துக்குப் போய் விசில் ஊதியவர். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர்களுக்கு ஃபுட்பால் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எங்கள் வாணியம்பாடியில் கல்யாண பிரியாணியில் கறி குறைந்தால் எவ்வளவு சண்டை வருமோ, அவ்வளவு சண்டை அங்கே ஓர் ஆஃப்சைடுக்கு வரும். அந்தச் சண்டைக்கு நடுவில் அரை டிராயரோடு நின்று, இரண்டு தெருக்காரர்களிடமும் ஏச்சு வாங்கி, சொன்ன தீர்ப்பை மாற்றாமல் வீடு திரும்பியவர் ரெஃப்ரி. அதனால் அடுக்ககத்து அசோசியேஷன் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மனைவி போனபிறகு, "தனியா இருக்காதப்பா" என்று ஸ்டெல்லா அவரை எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் இழுத்துவந்துவிட்டாள். வரும்போது அவர் கொண்டுவந்த சாமான் கொஞ்சம்தான். ஆனால் சட்டைப் பையில் விசில் இருந்தது. பக்கத்திலேயே மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. வந்த வாரமே லிஃப்ட்டில் இடித்துப் பிடித்து ஏறியவர்களுக்கு மஞ்சள் காட்டினார். இரண்டு கார் இடத்தை அடைத்து ஒரு காரை நிறுத்தியவரின் கண்ணாடியில் மஞ்சளைச் செருகிவைத்தார். குளித்துவிட்டு மொட்டை மாடியில் நின்று சத்தமாகப் போனில் பேசிய ஒருவர், பின்னாலிருந்து வந்த விசிலில் துண்டு நழுவிப் போய்விட்டதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி பலருக்கு விவரித்திருக்கிறேன்.

எங்கள் அடுக்ககத்தின் பின்புறம் ஒரு பெரிய வெட்டவெளி. ஒருகாலத்தில் ஊர் மாடுகளுக்காக விட்டுவைத்த அரசாங்க மேய்ச்சல் நிலமாம். ஊரும் மாடும் போய், சுற்றிலும் கட்டடங்கள் வந்துவிட்டன. நடுவில் இது மட்டும் முழங்காலுக்குக் கீழே புல்லும், கொஞ்சம் சரளைக்கல்லுமாகக் கிடந்தது. வெயில் காலத்தில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். எங்கள் பால்கனியிலிருந்து தினமும் பார்ப்பேன். பார்ப்பேன் என்றால், அதைத் தாண்டித் தெரிகிற மேம்பாலத்தில் எவ்வளவு நெரிசல் என்று பார்ப்பேன். அந்த இடத்துக்கு எங்கள் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான்: காலி இடம்.

ஓர் ஏப்ரல் காலையில், சர்க்கரை ஏறியதற்காக டாக்டர் விதித்த நடையை நான் முனகிக்கொண்டே நடந்தபோது, காலி இடத்தின் நடுவில் ரெஃப்ரி சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தார். அடுக்ககத்துப் பிள்ளைகள் எல்லாம் செல்போனைத் தேய்த்தே விரல் தேய்ந்துபோகிறார்கள், அவர்களுக்கு ஃபுட்பால் சொல்லித்தர மைதானம் போடப்போகிறேன் என்று முதல் நாளே அறிவித்திருந்தார். கயிறு பிடித்து ஒரு கோடு போடுவதற்குள் எங்கிருந்தோ ஒரு பறவை கத்திக்கொண்டு நேராக அவர் வழுக்கைத் தலையைக் குறிவைத்து வந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார். பறவை அதைவிடச் சத்தமாகக் கத்தியது. அவர் மறுபடி ஊத, அது மறுபடி கத்த, நான் நடையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதில் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று இல்லை.

"யம்மா, இங்க வா! இத்த வந்து பாரு!"

போனேன். கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி தலை, கண்ணுக்கு முன்னால் மஞ்சளாக ஒரு சதை, நீளமாக மஞ்சள் கால். அந்தப் பறவை இப்போது தரையில் இறங்கி, ஓர் இறக்கையைத் தொங்கவிட்டு, இழுத்து இழுத்து நடந்தது.

"ஐயோ பாவம் அங்கிள், அடிபட்டிருக்கு. பிடிச்சு டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"நக்கோ, நக்கோ, வேணாம்! அடியும் இல்ல, கிடியும் இல்ல. அவ்ளோவும் ஆக்டிங்கு. என் சர்வீஸ்ல எத்தினி நொண்டியப் பாத்திருக்கேன்! பெனால்டி கேக்குறவன் இப்டித்தான் விழுவான். விழுந்துட்டு ஒத்தைக் கண்ணால ரெஃப்ரி பாக்குறானான்னு பாப்பான். அது என்னியே பாக்குது பாரு."

பார்த்தேன். உண்மையிலேயே அவரைத்தான் பார்த்தது.

"எவனும் சும்மா நடுக் கிரவுண்டுல விழமாட்டான். கோல் பாக்ஸ் கிட்ட வந்தாத்தான் விழுவான். அப்போ பாக்ஸ் இங்க எங்கயோ இருக்குது. அசையாத."

இருவரும் அசையாமல் குனிந்து தேடினோம். அவருடைய கான்வாஸ் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, கூடு என்று சொல்ல எதுவுமே இல்லாமல், வெறும் தரையில் சரளையோடு சரளையாக நாலு முட்டைகள். மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. அடுத்த அடியை அவர் வைத்திருந்தால் தீர்ந்தது. ரெஃப்ரி மெல்லக் காலை எடுத்துப் பின்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, கையை உயர்த்தி, தனக்குத்தானே காட்டிக்கொண்டார்.

"ஃபவுல் என்னோடது" என்றார். "கோலி, அதான் கோல்கீப்பர், அதோட பாக்ஸுலதான் நிக்குது. நான்தான் உள்ள பூந்தேன்."

அன்றோடு ஃபுட்பால் பயிற்சி ரத்து. கிரவுண்டு ஏற்கெனவே புக் ஆகிவிட்டதாம். வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பில் முட்டையை விட்டுத் தள்ளி ஒரு பெரிய வட்டம் போட்டார். அது மஞ்சள் மூக்கு ஆள்காட்டி என்றும், இப்படிப்பட்ட புல்வெளியில், தரையில்தான் முட்டை வைக்கும் என்றும், இந்த மாதிரி இடங்கள் குறைந்துகொண்டே போவதால் அதுவும் குறைகிறது என்றும் நான் போனில் தேடிப் படித்துக் காட்டினேன். அங்கேயே மேலே எழும்பிப் பாடிவிட்டுக் கல் மாதிரி கீழே விழுகிற சின்னக் குருவியின் பெயர் வானம்பாடி என்பதையும் சொன்னேன். அதுவும் தரைவாசிதான், புல் தூரில் கூடு. ரெஃப்ரி பொறுமையாகக் கேட்டார்.

"பேரு தெரிஞ்சு இன்னா பண்றது? பொசிஷன் தெரியணும். இவன் கோலி. அவன் விங்கர்."

கடைசிவரை அவருக்கு ஆள்காட்டி கோலிதான், வானம்பாடி விங்கர்தான். பறவை ஞானம் அவ்வளவே. அடுத்த வாரம் இன்னொரு கூடு கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி வட்டம் போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் வெயிலில் குடை பிடித்துக் காவல் நின்றார். துணைக்கு நானும் நின்றேன். ஒரு மழை பெய்து, கழுவிவிட்டதில், நாலும் கூழாங்கல் என்று தெரிந்தது. "மேட்ச் டிரா" என்று சொல்லிக் குடையை மடக்கினார்.

என்னை அவர் லைன்ஸ்மேனாக நியமித்ததும் அந்த நாட்களில்தான். சம்மதம் கேட்கவில்லை. மஞ்சள் துப்பட்டா ஒன்றைக் கேட்டு வாங்கி, கிழித்து, குச்சியில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். நான் நடக்கிற வழியில் யாராவது சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினால் கொடியைத் தூக்க வேண்டும். ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆயிரம் பேருக்குச் சம்பளம் போடுகிற பிரிவில் வேலை எனக்கு. அங்கே என் பேச்சை ஒருவரும் கேட்டதில்லை. இங்கே நான் கொடியைத் தூக்கியதும் எங்கிருந்தோ விசில் கேட்கும், ஆள் நின்றுவிடுவார். அந்தச் சுகத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

முதல் சிவப்பு அட்டை வாங்கியது ப்ரூனோ. எங்கள் அசோசியேஷன் செகரெட்டரி வளர்க்கிற லாப்ரடார். செகரெட்டரி சேலத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையாவது நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. காலையில் ப்ரூனோவைக் காலி இடத்தில் அவிழ்த்துவிட்டு, போனில் அசோசியேஷன் விவகாரம் பேசுவார். ப்ரூனோ கோட்டைத் தாண்டியது. நான் கொடியைத் தூக்கினேன். ரெஃப்ரி ஓடிவந்து, நாயின் முகத்துக்கு நேராகச் சிவப்பைக் காட்டினார். அது அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"அங்கிள், நாய்க்கு என்ன தெரியும்?" என்றார் செகரெட்டரி.

"அதுக்குத் தெரிஞ்சிடுச்சு. உக்காந்துகிச்சு பாரு. உனக்குத்தான் தெரியல, கேப்டன்."

ரெஃப்ரி விதிப்படி ஆட்டத்தில் அவர் பேசுவது இரு அணித் தலைவர்களிடம் மட்டும்தான். அதனால் செகரெட்டரி அன்றிலிருந்து கேப்டன். ப்ரூனோவுக்கு முட்டை பொரிகிறவரை சஸ்பென்ஷன், அப்புறமும் கயிற்றோடுதான் வர வேண்டும் என்று தீர்ப்பானது. கேப்டன் அதை மறக்கவில்லை.

ரெஃப்ரியின் பெரிய சறுக்கல் ஆட்டு மந்தை விஷயத்தில். முனியப்பா என்று ஒருவர் அங்கே தினமும் ஆடு ஓட்டிவருவார். அத்தனை ஆட்டின் குளம்பும் முட்டையை மிதித்துவிடும் என்று பயந்து, மொத்த மந்தைக்கும் சிவப்பு அட்டை காட்டிவிட்டார் நம் ஆள். முனியப்பா சிரித்துக்கொண்டே "ஆகலி சார்" என்று கன்னடத்தில் சரி சொல்லி, ஓரத்தில் ஓடிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். மழைக்காலம் வந்தது, போனது. கடிக்க வாய் இல்லாததால் புல் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. "பாத்தியா, எப்டி ஜம்முனு இருக்குது!" என்று என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அடுத்த ஏப்ரல் வந்தது. கோலி வரவில்லை.

அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. காலையில் போய் ஓரத்தில் நிற்பார், வெயில் ஏறினதும் திரும்பிவிடுவார். ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, அப்பா சரியா சாப்பிடறதில்ல. நீங்க கொஞ்சம் பேசுங்களேன்" என்றாள். என்ன பேசுவது? வராத பறவைக்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்? ஒருநாள் இருவரும் கால்வாய் வரை நடந்தோம். அந்தப் பக்கத்தில் முனியப்பாவின் ஆடுகள் ஒட்ட மேய்ந்த தரையில், ஜோடியாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தது கோலி.

ரெஃப்ரி வாயைப் பிளந்தார். "அடப்பாவி! அடுத்த டீமுக்குப் போயிட்டான்!"

அப்புறம்தான் உறைத்தது. கால் நீளமான அந்தப் பறவைக்கு எட்டிப் பார்க்க வேண்டும், எதிரி தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும். இடுப்பு உயரப் புல்லில் அது என்ன செய்யும்? புல்லைப் புல்லாக வைத்திருந்ததே ஆடுகள்தான். ரெஃப்ரி கால்வாயைத் தாண்டிப் போய் முனியப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சர்வீசில் ஒரு தீர்ப்பைத் திரும்பப் பெற்றது அன்று ஒருநாள்தான்.

"அப்பீல்ல நீ ஜெயிச்சிட்ட, குரு. ஆட்டைக் கூட்டிகினு வா. தயவு மாடி."

ஆடுகள் வந்தன. புல் இறங்கியது. மே மாதம் கோலி ஜோடி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. ரெஃப்ரி இரண்டு வேளையும் சாப்பிட ஆரம்பித்தார். முட்டை வைத்ததும் முனியப்பா மந்தையை மறுபக்கமாகத் திருப்பிக்கொள்வது என்று ஏற்பாடு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில்தான் கிளப் ஹவுசில் கூட்டம் கூட்டினார் கேப்டன்.

சுற்றுச்சூழல் தினத்தையொட்டி ஒரு கம்பெனி தன் ஊழியர்களை பஸ்ஸில் அனுப்பி, காலி இடம் முழுக்க மரக்கன்று நடப்போகிறதாம். கன்று அவர்களுடையது, குழி அவர்களுடையது, டிஷர்ட்கூட அவர்களே தருவார்கள். கூட்டமே கைதட்டியது.

"கேப்டன், அங்க கோலி அடை உக்காந்திருக்குது" என்று எழுந்தார் ரெஃப்ரி. "குழி வெட்டினா முட்டை போச்சு. மரம் வளந்தா புல்லு போச்சு. மரத்துல காக்கா வந்து உக்காரும், மேலேர்ந்து பாத்துப் பாத்து ஒவ்வொரு முட்டையா தூக்கும். அப்புறம் எந்த ஜென்மத்துல கோலி வரும்?"

"அங்கிள், எனக்கு மட்டும் பறவை மேல கோபமா? சும்மா கிடக்கிற இடத்தை அப்படியே விட்டா எவனாவது ராத்திரியோட ராத்திரியா வேலி போட்டு மடக்கிடுவான். ஏற்கெனவே ஓரத்துல கட்டடக் குப்பை கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மரம் நட்டுட்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். பச்சைப் பசேல்னு இருக்கும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல்.

"இப்ப இருக்கறதுக்கு இன்னா கொறச்சல்?"

"இப்போ காய்ஞ்சு போய்க் கிடக்கு அங்கிள்."

"உன் தலைகூடத்தான் நடுவுல காய்ஞ்சு கெடக்குது. மரமா நட்டாங்க அதுல?"

இதற்கப்புறம் கூட்டம் நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கை தூக்கச் சொன்னார்கள். மரம் வேண்டாம் என்று தூக்கியது ரெஃப்ரியும் நானும். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூரையில் மின்விசிறி சுற்றுகிற அழகைப் பார்த்தார். ஸ்டெல்லா லிஃப்ட் அருகே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு விஷயத்துல விட்டுடுப்பா. நாம இவங்களோட இருக்கணும்" என்று அழாத குறையாகச் சொன்னாள். ரெஃப்ரி அவள் தலையைத் தடவினார். கோடு மட்டும் தினமும் புதிதாகப் போட்டார்.

நடவு நாளும் வந்தது. பஸ்ஸிலிருந்து பச்சை டிஷர்ட்டில் பிள்ளைகள் இறங்கினார்கள். புங்கன், வேம்பு, பூவரசு என்று கறுப்புப் பைகளில் கன்றுகள் வரிசையாக நின்றன. குழி வெட்டுகிற ஆட்கள் கடப்பாறையோடு தயாராக இருந்தார்கள். பேனர், மைக், உப்புமா எல்லாம் இருந்தன. முட்டை பொரிந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை. மூன்று குஞ்சுகள். அவை எங்கே பதுங்கியிருக்கின்றன என்று எங்களுக்கே தெரியாது. பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சிக் கால் வைத்த மாதிரி இருக்கும், ஆள் வந்தால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஓடத் தெரியும், பறக்கத் தெரியாது. இத்தனை பேர் ஷூவோடு உள்ளே இறங்கினால் என்ன ஆகும்?

விசில் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். கறுப்பு ஜெர்சி, கறுப்பு அரை டிராயர், முழங்கால் வரை காலுறை. நாற்பது வயதில் தைத்த டிராயரை எழுபது வயதில் போட்டால் எங்கெங்கே பிடிக்குமோ அங்கங்கே பிடித்திருந்தது. நடுவில் வந்து நின்று கையை உயர்த்தினார் ரெஃப்ரி.

"மேட்ச் நடந்துகினு இருக்குது! யாரும் கிரவுண்டுக்குள்ள வரக் கூடாது!"

பச்சை டிஷர்ட் பிள்ளைகள் இதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். சிலர் படம் பிடித்தார்கள். கேப்டன் முகம் சிவந்துவிட்டது. "போதும் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கடப்பாறைக்காரரை அழைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார். நான் கொடியைத் தூக்கினேன். யார் பார்த்தார்கள்?

ஒரே ஒரு ஜீவன் பார்த்தது. கேப்டனின் காலடிக்குப் பத்தடி முன்னால் வந்து இறங்கி, இறக்கையைத் தொங்கப்போட்டு, தத்தித் தத்தி விழுந்தது ஆள்காட்டி.

"ஐயோ, அடிபட்டிருக்கு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

கேப்டன் நாய் வளர்க்கிறவர் அல்லவா, வாயில்லா ஜீவன் என்றால் உருகிவிடுவார். "உப்புமா வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டு வாங்க! தண்ணி கொண்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே பறவையின் பின்னால் போனார். அது நாலடி தத்தியது. இவர் நாலடி போனார். பச்சை டிஷர்ட் கூட்டமும் ஓடிவந்தது. ஒருத்தர் விலங்கு மருத்துவருக்குப் போன் போட்டார். ஒருத்தர் பிஸ்கட் நீட்டினார். பறவை பிடிபடுகிற தூரத்தில் விழும், கை நீட்டினால் எழுந்து இன்னும் கொஞ்சம் நொண்டும். அப்படியே குஞ்சுகள் இருந்த திசைக்கு எதிர்த் திசையில், அந்த மொத்தக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடி வரை போனது. சாலையோரம் பஸ் ஸ்டாப் வந்தது. கேப்டன் பெட்டியைக் கவிழ்க்கக் குனிந்தார். ஆள்காட்டி விருட்டென்று எழும்பி, அவர் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, காது கிழியக் கத்திவிட்டுப் போய்விட்டது.

நீளமாக ஒரு விசில். ரெஃப்ரி ஓடி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. ஆகாயத்தை நோக்கி மஞ்சள் அட்டையை உயர்த்தினார்.

"ஆக்டிங் பண்ணதுக்கு!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேப்டன் மட்டும் காலிப் பெட்டியோடு நின்றார். ரெஃப்ரி அட்டையைப் பையில் வைத்துவிட்டு, குரலை இறக்கினார். அவர் குரல் அவ்வளவு இறங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"கேப்டன், உன்ன எதுக்கு இம்மாந்தூரம் இஸ்துகினு வந்துச்சு தெரியுமா? நீ மட்டும் வா. லைன்ஸ்மேனும் வரட்டும்."

மூன்று பேரும் கோட்டின் ஓரத்திலேயே சுற்றிப் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஆள்காட்டி நடந்து வந்தது. நொண்டவில்லை. சன்னமாக ஒரு குரல் கொடுத்தது. சரளைக்கல் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு குஞ்சு எழுந்து ஓடி, அதன் வயிற்றுக்கடியில் புகுந்தது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது, குழி வெட்டுவதற்காக ஆட்கள் வைத்திருந்த அடையாளக் குச்சியின் அடியிலிருந்து எழுந்து ஓடியது. கேப்டன் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பை கொட்ட வந்தா என்ன அங்கிள் பண்றது?" என்றார் கடைசியில். குரல் மாறியிருந்தது.

"டெய்லி ரெஃப்ரி நிக்குற கிரவுண்டுல எவன் வந்து கொட்டுவான்? வரச் சொல்லு பாக்கலாம்."

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "மேடம், கன்னு எல்லாத்தையும் பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. அங்கதான் நிழலே இல்ல."

அப்படித்தான் அந்தச் சாலை முழுக்கப் புங்கனும் வேம்பும் வந்தன. வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. இன்றைக்கு அவர்கள் நிழலில் நிற்கிறார்கள். ஒரு பறவை கை காட்டிய இடத்தில் நட்ட மரம் என்று நான் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். மரம் பாட்டுக்கு வளர்கிறது. கேப்டனும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை நாய்கள் கயிற்றோடுதான் என்று அடுக்ககத்தில் விதி கொண்டுவந்தவர் அவர்தான். குப்பை லாரியை மறித்து ஓட்டுநரோடு மல்லுக்கு நின்று, முனியப்பாவை ஆட்டோடு துணைக்கு அழைத்துவந்தவரும் அவர்தான். அந்த இடத்தைக் காலி இடம் என்று யாராவது சொன்னால் இப்போது அவருக்குக் கோபம் வருகிறது.

போன வருடம் ஸ்டெல்லாவுக்குப் புனேக்கு மாற்றல் ஆனது. ரெஃப்ரி வரமாட்டேன் என்றுவிட்டார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், விவேக் நகரில் தம்பி வீட்டுத் தரைத்தளத்தில் இருக்கிறார். அவர் போன நாள் கீழ் வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்துவிட்டு நான் படியேறியது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். ஐம்பது வயதுவரை புல்லைப் புல் என்று பார்த்தவள் நான். காலையில் வானம்பாடி எழும்பும்போது இன்று கையில் இருக்கிற காபி ஆறுவது தெரியாமல் நிற்கிறேன். இந்த ஒன்றை எனக்குக் கொடுக்க அவர் மண்டையைக் கொத்தக் கொடுத்தார், ஊரிடம் ஏச்சு வாங்கினார். கைம்மாறு என்று நான் எதைச் செய்வது?

இந்த மே மாதம் குஞ்சு பொரித்த அன்று கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கேசரி பாத் கிளறி, டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி விவேக் நகர் போனேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"இன்னா விசேஷம்? இனிப்பெல்லாம் எடுத்துகினு வந்திருக்க."

"வீட்டுல குழந்தை பொறந்திருக்கு அங்கிள்."

ஒரு கணம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"எத்தினி?"

"நாலு. நாலும் ஓடுது."

"தாயும் புள்ளைங்களும் சௌக்கியமா?"

"சௌக்கியம் அங்கிள். எல்லாம் உங்க புண்ணியம்" என்றேன். ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை.